துண்டுக் கடனை எதிர்த்த தஞ்சாவூர்க்காரர்: கோ. நடேசய்யர்

கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் ஆள் கூட்டும்போது முன்பணம் கொடுப்பது நம் பக்கத்து வழக்கம். அந்தப் பணம் எப்படிக் கழிகிறது என்ற கணக்கு தெரியாவிட்டால், எத்தனை பருவம் உழைத்தாலும் கூலிக்காரர் கடன்காரராகவே நிற்பார். நூறு ஆண்டுகளுக்கு முன் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் நம் மக்கள் பட்ட பாடும் இதுதான். அவர்களுக்காக வாழ்நாள் முழுதும் உழைத்தவர் கோ. நடேசய்யர்.

1887இல் தஞ்சாவூர்ச் சீமையில் பிறந்தவர். வணிகர்களுக்காகப் பத்திரிகை நடத்தி வந்த அவர், 1915இல் வணிகர் சங்க வேலையாக இலங்கைக்குப் போனார். மலைநாட்டுத் தோட்டங்களைப் பார்க்க விரும்பினார். வெளியாட்கள் உள்ளே போக முடியாது. போனால் அத்துமீறல் வழக்கு. ஆகவே, புடவை வியாபாரி போல மூட்டையைத் தூக்கிக்கொண்டு லயங்களுக்குள் நுழைந்தார்.

அங்கே அவர் கண்டது கடன் சங்கிலி. பஞ்சத்துக்குப் பயந்து ஊரைவிட்டுக் கிளம்பியவரின் வழிச்செலவு முதலிலேயே கங்காணியிடம் கடனாக ஏறியிருக்கும். பிறகு அரிசிக் கணக்கு, கல்யாணச் செலவு, சாவுச் செலவு எல்லாம் அதில் சேரும். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், மொத்தக் கடனையும் எழுதிய ஒரு சீட்டு வேண்டும். அதற்குத் 'துண்டு' என்று பெயர். புதிய தோட்டம் அந்தத் தொகையைக் கட்டினால்தான் பழைய தோட்டம் ஆளை விடும். ஆள் மாறுவார், கடன் மாறாது. வேலைக்கு வரும் தலைக்கு இத்தனை என்று கங்காணிக்குத் தனிக்காசும் உண்டு. ஆள் கடனில் இருப்பதில்தான் அவருக்கு லாபம்.

சில ஆண்டுகளில் நடேசய்யர் இலங்கையிலேயே குடியேறினார். கொழும்பில் 'தேசநேசன்' பத்திரிகையில் தோட்டத் தொழிலாளர் நிலையை எழுதினார். துண்டு முறை 1921இல் சட்டப்படி ஒழிந்தது. ஆனால் கங்காணியின் பிடி லயத்தில் இருந்துகொண்டுதான் இருந்தது. 1925இல் சட்டசபைக்குள் நுழைந்த அவர், கங்காணி முறையே போக வேண்டும் என்று வாதாடினார்.

1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. அதன்படி மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். கொழுந்து பறிப்பதில் பெரும்பங்கு பெண்களுடையது, கூலியோ குறைவு. உலகப் பொருளாதார மந்தத்தில் தேயிலை விலை சரிந்ததும் அந்தக் கூலியும் வெட்டப்பட்டது.

1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். பெரும்பாலோருக்கு எழுத்து தெரியாது. அவர் மனைவி மீனாட்சியம்மாள் அவர்கள் துயரத்தைப் பாட்டாகக் கட்டி, கூட்டங்களில் தானே பாடினார். நடேசய்யர் சட்டத்தை எளிய தமிழில் புத்தகமாக எழுதினார். தன் கணக்கைத் தானே அறிந்தவரை ஏமாற்றுவது கடினம் என்பது அவருக்குத் தெரியும்.

1936இல் ஹட்டன் தொகுதி மக்கள் அவரை அரசாங்க சபைக்கு அனுப்பினார்கள். ஆனாலும் பெரிய கதவு திறக்கவில்லை. 1935ஆம் ஆண்டின் நில அபிவிருத்திச் சட்டம் குடியானவர்களுக்கு அரசு நிலம் கொடுக்க வழி செய்தது. இந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர் அதற்கு வெளியே நின்றார்கள். காட்டை அழித்துத் தேயிலை நட்ட குடும்பத்துக்குச் சொந்தமாகக் கால் ஏக்கரும் இல்லை. கூலி நாலு சதம் கூடினாலும், நிலமில்லாதவரின் பிள்ளை மறுபடி அதே பிரட்டுக்களத்தில்தான் நின்றது.

1947 நவம்பரில் நடேசய்யர் காலமானார். அடுத்த ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவரானார்கள். அவர் கட்டியதில் பாதி அப்போதே சரிந்தது. ஆனால் சங்கம் சேரவும் கூலியைக் கேட்டு வாங்கவும் பழகிய மக்கள் அதை மறக்கவில்லை.

இன்றைக்கும் வெளியூர் வேலைக்குப் போகிறவருக்கு அவர் வாழ்க்கையில் பாடம் உண்டு. முன்பணத்தை எழுத்தில் வாங்குங்கள். கழித்த தொகையை வாரந்தோறும் குறித்து வையுங்கள். பெண்ணின் கூலி பெண்ணின் கையிலேயே சேரட்டும். ஆள் வைத்து வேலை வாங்கும் விவசாயியும் மேஸ்திரியிடம் கொடுத்ததோடு கணக்கு முடிந்தது என்று இருக்காமல், கூலி உழைத்தவர் கைக்குப் போனதா என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.