சர்வர் வேலை பார்த்து வாங்கிய பைக்... வாங்கியதும் பிரித்துப் போட்ட இளைஞர்! யார் இந்த ஜி.டி.நாயுடு?

கோவை அவிநாசி சாலையில் 10.1 கிலோமீட்டர் நீளத்துக்குக் கட்டப்பட்ட மேம்பாலம் 2025 அக்டோபர் 9-ம் தேதி திறக்கப்பட்டது. அதற்கு வைக்கப்பட்ட பெயர், ஜி.டி.நாயுடு மேம்பாலம்.

விஞ்ஞானி, தொழிலதிபர், பஸ் முதலாளி எனப் பல முகங்கள் இவருக்கு உண்டு. ஆனால் எல்லாவற்றுக்கும் தொடக்கம் ஒரு பைக்தான்.

பள்ளிக்கூடம் பிடிக்காத பையன்

1893 மார்ச் 23-ல், கோவை மாவட்டம் சூலூர் அருகே உள்ள கலங்கல் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. பள்ளிக்கூடம் அவருக்கு ஒட்டவே இல்லை. வாத்தியார்மீது மண்ணை அள்ளி வீசிவிட்டு ஓடிய பையன் என்றுதான் அவரைப் பற்றிய கதைகள் தொடங்குகின்றன. வகுப்பில் உட்காரப் பிடிக்காதவர், தமிழ்ப் புத்தகங்களைத் தானாகவே தேடித் தேடிப் படித்தார்.

அப்போதுதான் அந்த ஊருக்கு ஒரு பைக் வந்தது. ஓட்டி வந்தவர் வருவாய்த்துறையில் வேலை பார்த்த ஆங்கிலேய அதிகாரி. வண்டி, இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் தயாரான ரட்ஜ். மாடோ குதிரையோ இழுக்காமல் ஒரு வண்டி தானாக ஓடுவதை அந்த இளைஞர் வாயைப் பிளந்து பார்த்தார். இதை வாங்கியே ஆகணும் என்ற எண்ணம் அன்றே விழுந்துவிட்டது.

ஒரு பைக்குக்காக 3 வருஷம்

ஆசை இருக்கு, காசு? ஊரை விட்டுக் கோவைக்குக் கிளம்பினார். ஒரு ஹோட்டலில் சர்வர் வேலை கிடைத்தது. சுமார் 3 ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்தார். பிறகு அந்த அதிகாரியையே தேடிப்போய், 300 ரூபாய் கொடுத்து பைக்கை வாங்கினார் என்று சொல்லப்படுகிறது. அந்தக் காலத்தில் 300 ரூபாய் என்பது ஒரு சாதாரணக் குடும்பம் மொத்தமாகப் பார்க்காத தொகை.

இவ்வளவு கஷ்டப்பட்டு வாங்கியவர் ஊர் சுற்றக் கிளம்பியிருக்கணும். ஆனால் நாயுடு செய்தது வேறு. வண்டியை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் போட்டார்!

பிரித்ததில் என்ன கிடைத்தது?

அந்தக் கால ரட்ஜ், 499 சிசி ஒற்றை சிலிண்டர் வண்டி. எஞ்சின் சுற்றும் வேகத்தைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோனது பெல்ட். பெட்ரோலையும் காற்றையும் கலக்க கார்புரேட்டர், தீப்பொறி தர மேக்னட்டோ, அந்த வெடிப்பில் மேலும் கீழும் போய்வர பிஸ்டன். வண்டியைப் பிரித்த இளைஞர் முன்னால் கிடந்தவை இவைதான்.

பிரிப்பது யாருக்கும் முடியும். திரும்பப் பூட்டி ஓட வைப்பதில்தான் விஷயமே இருக்கு. பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள மெக்கானிக் கிடையாது. நாயுடு பூட்டினார், வண்டி ஓடியது. அந்த ஒரு பைக்தான் அவருக்குப் பள்ளிக்கூடமும் கல்லூரியும்.

ஒரே ஒரு பஸ்

இடையில் பருத்தி வியாபாரத்தில் இறங்கி, மும்பை வரை போய் நஷ்டப்பட்டுத் திரும்பினார். அப்போது கைகொடுத்தவர் கோவைத் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ். அவர் உதவியோடு 1920-ல் ஒரு பஸ்ஸை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார்.

அந்த ஒரே பஸ்தான் பின்னாளில் யு.எம்.எஸ். என்று ஊரே அறிந்த யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் ஆனது. பழுதானால் அடுத்தவரை எதிர்பார்க்க வேண்டாம் என்பது பஸ் முதலாளிக்கு எவ்வளவு பெரிய பலம் என்று சொல்லத் தேவையில்லை.

மோட்டார் முதல் ரேசர் வரை

1937-ல் டி.பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து, இந்தியாவின் முதல் மின் மோட்டாரை கோவை பீளமேட்டில் உருவாக்கினார். பேட்டரியில் இயங்கும் ரசாந்த் ஷேவிங் ரேசர், மெல்லிய பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் சுற்றும் மின்விசிறி, முறைகேடு செய்ய முடியாத வாக்குப்பதிவு இயந்திரம் எனப் பட்டியல் நீள்கிறது.

லைசென்ஸ் கிடைக்காத 2,000 ரூபாய் கார்

1952-ல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் காரை உருவாக்கினார். விலை வெறும் 2,000 ரூபாய்! ஆனால் தயாரிக்க அரசின் லைசென்ஸ் வேண்டும். அது கிடைக்கவில்லை, காரும் அதோடு நின்றுபோனது.

சொந்தக் காசில் வாங்கிய பைக்கைப் பிரிக்க யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லாமல் இருந்தது. அந்த அறிவை வைத்து ஒரு காரைச் சந்தைக்குக் கொண்டுவர மட்டும் அனுமதி தேவைப்பட்டது. நாயுடுவின் வாழ்க்கையில் பெரிய இழப்பு இதுதான். சாமானியர் கார் வாங்கும் வாய்ப்பும் அன்று கைநழுவியது.

4 வருஷம் எதுக்கு?

1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பொறியியல் கல்லூரி உருவாகக் காரணமாக இருந்து, அதன் முதல்வராகவும் ஆனார். கையால் வேலை செய்து கற்றால் 2 ஆண்டுகளே போதும், 4 ஆண்டுகள் வீண் என்பது அவர் கருத்து. அரசு ஏற்கவில்லை; பதவியை விட்டு விலகினார். அந்தக் கல்லூரிதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி.

1974 ஜனவரி 4-ம் தேதி ஜி.டி.நாயுடு காலமானார். அவர் பெயர் சொல்லும் ஜி.டி. கார் அருங்காட்சியகம் கோவை அவிநாசி சாலையில் இருக்கிறது.

இன்று பழைய பைக்கைப் பிரிக்கலாமா?

நாயுடு செய்ததை இன்றும் பலர் செய்கிறார்கள். கோவை மட்டுமல்ல, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் சாயல்குடி போன்ற ஊர்களிலும் பழைய ராஜ்தூத், யெஸ்டி, புல்லட் என்றால் இளைஞர்களுக்குத் தனி ஆசை. இத்தாலியின் டுகாட்டி, லாம்பிரெட்டா கிடைத்தால் விடுவார்களா?

ஆனால் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் மாறும் அளவுக்கு வண்டியை மாற்றக் கூடாது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.

50 ஆண்டுகளைத் தாண்டிய வண்டிகளுக்கு 2021 முதல் விண்டேஜ் பதிவு உண்டு. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டுகள். எஞ்சினையோ சேஸியையோ பெரிய அளவில் மாற்றியிருந்தால் அந்தப் பதிவு கிடைக்காது. தினசரி ஓட்டவும் அனுமதி இல்லை.

அதனால் பிரியுங்கள், துடையுங்கள், கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் நாயுடு போல, இருந்தது இருந்தபடியே திரும்பப் பூட்டுங்கள்!