கப்பல் புழுவிடம் கற்றவர்

அம்பத்தூர், ஆவடி பக்கம் தினமும் வந்துபோகிற ஆளா நீங்க? அப்போ இதை யோசிச்சுப் பாருங்க. சி.டி.எச். ரோட்டுக்கும் பக்கத்து ரயில் பாதைக்கும் அடியில ஒரு குடிநீர்க் குழாயைக் கொண்டுபோகணும். ரோட்டை வெட்ட முடியாது, ரயிலை நிறுத்த முடியாது. ஒரு பக்கம் குழி தோண்டி, ஜாக்கி வெச்சு குழாயைப் படுக்கையாகத் தள்ளிக்கிட்டே, முன்னால வர்ற மண்ணை உள்ளிருந்து எடுப்பாங்க. முன்பக்க மண் சரிஞ்சா மேலே தண்டவாளமே இறங்கிடும். அந்த மண்ணைப் பிடிச்சு நிறுத்திக்கிட்டே தோண்ட வழி கண்டவர் மார்க் புருனல். (மகன் இசம்பார்டைத்தான் எல்லாரும் கொண்டாடுவாங்க. எனக்கு அப்பாவைத்தான் பிடிக்கும்.)

1769-ல் பிரான்சின் நார்மண்டியில் பிறந்தார். அப்பா பாதிரியாராக்க நினைத்தார். பையன் கடற்படைக்குப் போனான். மன்னர் பக்கம் நின்றதால் புரட்சியின்போது அமெரிக்காவுக்குத் தப்பி ஓடி, நியூயார்க் நகரத் தலைமைப் பொறியாளரானார். 1799-ல் இங்கிலாந்து வந்து சோபியாவைக் கைப்பிடித்தார். போர்க்கப்பல்களுக்குக் கப்பி செய்ய இவர் வடிவமைத்த இயந்திரங்களில் 110 பேர் வேலையை 10 பேர் முடித்தார்கள். அடுத்து ராணுவத்துக்கு பூட்ஸ். 1815-ல் போர் நின்றது, பூட்ஸ் தேங்கியது. 1821-ல் கடனுக்காகச் சிறை. சோபியாவும் கூடவே போய் இருந்தார். அரசு 5000 பவுண்டு கொடுத்த பிறகுதான் வெளியே வந்தார்.

சிறைக்கு முன்பே, 1818-ல், ஒரு காப்புரிமை வாங்கியிருந்தார். கப்பல் மரத்தைத் துளைக்கும் புழு ஒன்று உண்டு. தலையில் ஓடு, பின்னால் துளையின் சுவரைத் தானே பூசிக்கொண்டே போகும். இதைப் பார்த்துத்தான் யோசனை வந்ததாம். 1825-ல் லண்டனில் தேம்ஸ் ஆற்றுக்கடியில் அதையே பெரிசாகச் செய்தார். 12 இரும்புச் சட்டங்கள், 36 அறைகள், அறைக்கு ஒரு ஆள். எதிரே மண்ணை அடைத்தபடி பலகைகள். ஒரு பலகையைக் கழற்றி, சில அங்குலம் மட்டும் தோண்டி, அதே பலகையை முன்னே தள்ளி இறுக்கணும். பிறகுதான் அடுத்த பலகை. எல்லாம் முடிந்ததும் சட்டம் நகரும், பின்னால் செங்கல் சுவர் எழும்பும். ஒரே நேரத்தில் திறந்திருக்கும் மண் எவ்வளவு குறைவு, பாருங்க!

ஆனா மேலே கெட்டியான களிமண் தொடர்ச்சியாக இருக்கும்னு நம்பியது பொய்த்தது. 1827-ல் ஆறு உள்ளே புகுந்தது. ஓட்டையைக் களிமண் மூட்டைகளால் அடைத்துத் தொடர்ந்தார்கள். 1828 ஜனவரியில் மறுபடி வெள்ளம். ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். இசம்பார்ட் மயிரிழையில் தப்பினார். பணமும் தீர்ந்து, ஏழு வருஷம் சுரங்கம் மூடிக் கிடந்தது. அரசுக் கடனில் 1835-ல் மீண்டும் வேலை. சாக்கடை கலந்த நீர் கசிந்தது, வாயு தீப்பிடித்தது. 396 மீட்டர் சுரங்கம் திறந்தது 1843-ல்; புருனலுக்கு 73 வயசு. 1849-ல் மறைந்தார். ராயபுரத்திலிருந்து அம்பத்தூர் வழியாக ரயில் ஓட இன்னும் ஏழு வருஷம் இருந்தது.

வண்டிகள் இறங்கச் சரிவுப்பாதை போடக் காசில்லாமல், அது வெறும் நடைபாதையாகவே திறந்தது. 1869-ல் அதில் ரயில் விட்டார்கள், இன்னைக்கும் ஓடுது. அதே 1869-ல் கிரேட்ஹெட் என்பவர் வட்டமான கேடயம் வெச்சு தேம்ஸுக்கடியில் இன்னொரு சின்னச் சுரங்கம் தோண்டினார். ஆட்கள் போகக் கட்டிய அதில் பின்னால் போனது குடிநீர்க் குழாய்.