பிளேஸ் பாஸ்கல் வைத்த பந்தயம்



புயற்காலத்தில் காற்றழுத்தத்தை இத்தனை ஹெக்டோபாஸ்கல் என்று வானிலை அறிவிப்பில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை பாஸ்கல் விதியை உருப்போடுவதும் உங்கள் காதில் விழுந்திருக்கும். மோட்டார் பட்டறையில் ஒற்றை ஆள் கைப்பிடியை அழுத்தி ஒரு லாரியையே ஜாக்கியால் தூக்குகிறானே, அந்த ஜாக்கி வேலை செய்வது அந்த விதியைக் கொண்டுதான். அந்தப் பாஸ்கல் ஞானஸ்நானம் பெற்ற நம் திருச்சபையின் பிள்ளை என்பதும், நம் வேதத்தை ஏன் விசுவசிக்க வேண்டும் என்று நியாயம் காட்டத் தம் கடைசி வருஷங்களைச் செலவழித்தவர் என்பதும் பாடப்புத்தகத்தில் இராது. ஆகவே இந்த வாரம் அவருடைய கதையைச் சொல்லுகிறோம்.

பிரஞ்சு தேசத்துக் கிளெர்மோன் பட்டணத்தில் 1623-ம் வருஷம் ஜூன் 19-ந் தேதி பிறந்தார். மூன்று வயதில் தாயை இழந்தார். தகப்பனார் ஏத்தியேன் வரி நீதிமன்ற அதிகாரி. பிள்ளைகளைத் தாமே படிப்பித்தவர். முதலில் லத்தீனும் கிரேக்கும் வரட்டும், கணக்கு பிறகு என்று அந்தப் புத்தகங்களைப் பூட்டி வைத்தாராம். பையனோ பன்னிரண்டு வயதில், யாரும் சொல்லித்தராமலே, கரியால் தரையில் கோடுகளும் வட்டங்களும் வரைந்து, முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்தால் இரண்டு நேர்கோணம் என்று தானே கண்டுபிடித்துக் கொண்டிருந்தான். எட்டிப் பார்த்த தகப்பனாருக்குக் கண்ணீரே வந்துவிட்டதென்று மூத்த சகோதரி ஜில்பெர்த் எழுதி வைத்திருக்கிறாள். பிள்ளை ஏன், எப்படி என்று கேட்டால் எரிந்து விழுகிற பெற்றோர் நம்மில் எத்தனை பேர்!

பத்தொன்பது வயதில், தகப்பனாரின் வரிக்கணக்கைச் சுலபமாக்கக் கூட்டவும் கழிக்கவும் வல்ல ஓர் இயந்திரத்தைச் செய்யத் தொடங்கினார். அதற்குள் சரீரம் கெட்டது. பதினெட்டு வயதுக்குப் பிறகு வலியில்லாத ஒரு நாளை அறியேன் என்று அவரே சொல்லுவாராம்.

இவர் எதையும் வாய்ப்பேச்சாக ஒப்புக்கொள்ளுகிறவர் அல்ல. சிருஷ்டியில் வெற்றிடம் என்பது கிடையாது, இயற்கை அதை வெறுக்கிறது என்று அக்காலத்துப் பண்டிதர்கள் சாதித்தார்கள். பாதரசம் கண்ணாடிக் குழாயில் நிற்பது வெளியிலுள்ள காற்றின் பாரத்தாலே என்றால், மலையுச்சியில் அது தாழ வேண்டுமே என்று பாஸ்கல் யோசித்தார். அவர் கேட்டுக்கொண்டபடி, மைத்துனர் பெரியே 1648-ம் வருஷம் செப்டம்பர் 19-ந் தேதி புய் தெ தோம் என்ற மலைமேல் குழாயைச் சுமந்து சென்றார். அடிவாரத்து மடத்துத் தோட்டத்தில் இன்னொரு குழாயை வைத்து, அது மாறுகிறதா என்று ஒரு சந்நியாசியார் நாள் முழுவதும் காவல் இருந்தார். உச்சியில் பாதரசம் மூன்று அங்குலத்துக்கு மேல் இறங்கியிருந்தது. தோட்டத்திலிருந்தது அசையவேயில்லை. விவாதம் அன்றோடு தீர்ந்துபோயிற்று என்று சொல்லலாம்.

இப்படிப்பட்டவர் விசுவாசத்துக்கு எப்படி வந்தார்? பக்தியுள்ள குடும்பந்தான். 1646-ல் தகப்பனார் பனியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது, வைத்தியம் பார்க்க வந்த இரண்டு சகோதரர்கள் தந்த ஞானப் புத்தகங்களால் வீடே அனல்கொண்டது. ஆனால் 1651-ல் தகப்பனார் காலமாகி, தங்கை ஜாக்லீனும் போர்-ரோயால் கன்னியர் மடத்தில் சேர்ந்தபின், பாஸ்கல் பாரிஸில் தனவந்தர் கூட்டத்தில் பழகினார். சூதாட்டக்காரர் ஒருவர் கேட்ட கேள்வியிலிருந்து, பாதியில் நின்றுபோன ஆட்டத்தில் பந்தயப் பணத்தை எப்படிப் பங்கிடுவதென்று 1654-ல் பெர்மா என்ற மேதைக்குக் கடிதம் எழுதினார். நிகழ்தகவு என்று இன்று கல்லூரியில் படிக்கும் கணிதம் அதிலிருந்து பிறந்தது. புகழ் வளர்ந்தது, உள்ளமோ வறண்டது. உலகம் அருவருக்கிறது, ஆனால் சர்வேசுரன் பக்கமும் இழுப்பு இல்லை என்று தங்கையிடம் வந்து முறையிடுவார்.

அந்த வருஷம் நவம்பர் 23-ந் தேதி இரவு, ஏறக்குறையப் பத்தரை மணியிலிருந்து பன்னிரண்டரை வரைக்கும் அவருக்கு ஏதோ நேர்ந்தது. இன்னதென்று ஒருவரிடமும் சொல்லவில்லை. தேதியையும் நேரத்தையும், ஓர் ஆய்வுச்சாலைக் குறிப்பைப்போல, எழுதி வைத்தார். புத்தி தேடிப்பிடித்த வெறும் தத்துவக் கடவுளை அல்ல, பிதாப்பிதாக்களுடைய தேவனை, சேசுநாதர் வழியாகக் கண்டடைந்ததாக அதில் குறித்தார். அந்தத் தாளையும் அதன் தோல்பிரதியையும் அங்கியின் உட்புறத்தில் வைத்துத் தைத்துக்கொண்டார். அங்கி மாறும்போதெல்லாம் பிரித்துத் திரும்பத் தைத்தார். எட்டு வருஷம்! அவர் இறந்தபின் வேலைக்காரன் துணி தடித்திருப்பதைக் கண்டு பிரித்தபோதுதான் வீட்டாருக்கே தெரிந்தது.

அதன்பின் போர்-ரோயால் கூட்டத்தாருக்காக அவர் எழுதிய கடிதங்கள் 1657-ல் ரோமையில் விலக்கப்பட்ட நூல்களின் அட்டவணையில் சேர்ந்தன என்பதை உங்களுக்கு மறைக்கவில்லை. அக்கூட்டத்தாரின் ஜான்சேனியக் கொள்கைகளைத் திருச்சபை கண்டித்தது. பாஸ்கல் பீடத்தில் ஏற்றப்பட்டவர் அல்லர். ஆயினும் அவர் பிறந்த நானூறாம் வருஷமாகிய 2023-ல், காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புகழ்ந்து ஓர் அப்போஸ்தலிக்க நிருபமே வெளியிட்டார்.

1656-ல் அவருடைய மருமகள், பத்து வயதுச் சிறுமி, கண்ணோரத்துப் புரைநோய் நீங்கிச் சுகமானாள். நமதாண்டவருடைய முள்முடியின் முள்ளென்று வணங்கப்பட்ட திருப்பண்டத்தை அந்த மடத்தில் அவள்மேல் தொட்டதும் அது நடந்தது. பாரிஸ் மேற்றிராசன அதிகாரிகள் விசாரித்து அதைப் புதுமையென்று ஏற்றார்கள். அப்போதுதான், அவிசுவாசிகளுக்கு நம் வேதத்தின் நியாயங்களைக் காட்டும் ஒரு பெரிய நூலை எழுதப் பாஸ்கல் தீர்மானித்தார். வியாதி அவரை முடிக்க விடவில்லை. எழுதிய துண்டுகளே 1670-ல் 'சிந்தனைகள்' என்ற பெயரால் அச்சாயின.

அவர் காட்டும் நியாயம் என்ன? முதலில் மனிதனைப் பாருங்கள் என்கிறார். ஒரு துளி நீர் போதும் அவனைக் கொல்ல. ஆனாலும் தான் சாவதை அறிகிறான், பிரபஞ்சமோ எதையும் அறியாது. இந்த உயர்வும் இந்தத் தாழ்வும் ஒருவனிடத்திலே ஏன்? ஆதிப்பாவத்தையும் இரட்சணியத்தையும் சேர்த்துப் போதிக்கும் வேதம் ஒன்றே இரண்டுக்கும் பதில் சொல்லுகிறது என்பது அவர் துணிபு. அடுத்தது, அப்போஸ்தலர்களின் சாட்சி. சேசுநாதர் உயிர்த்ததாகப் பன்னிருவரும் கூடிக் கதை கட்டினார்கள் என்று வைத்துக்கொள்வோம். பணமோ சிறையோ மரண பயமோ அவர்களில் ஒருவனை அசைத்திருந்தால் எல்லாம் கவிழ்ந்திருக்குமே! நம் ஊர்களில் நாலு பேர் கூடிச் செய்த பொய் எத்தனை நாள் தாங்குகிறது என்று உங்களுக்கே தெரியும்.

அவருடைய பந்தயத்தைப் பலர் கேலி செய்கிறார்கள். லாப நஷ்டம் பார்த்து விசுவசிப்பதா என்கிறார்கள். ஆனால் தேவன் இருப்பதற்கு அது அத்தாட்சி என்று அவர் சொல்லவில்லை. தேடவும் மாட்டேன், மறுக்கவும் மாட்டேன் என்று சும்மா இருக்கிறவனோடு அவர் பேசுகிறார். நீ ஏற்கெனவே ஆட்டத்தில் இருக்கிறாய். வாழ்கிற ஒவ்வொரு நாளும் ஒரு பக்கம் பணயம் வைக்கிறாய். ஒரு பக்கம் முடிவில்லாத பாக்கியம், மறுபக்கம் சொற்ப நாள் இன்பம் என்று அவனை உலுக்குகிறார். புத்தி ஒப்புகிறது, மனம் வரவில்லையே என்கிறான் அவன். அப்படியானால் இனி நியாயங்களைக் கூட்டுவதில் பயனில்லை, ஆசாபாசங்களைக் குறை. விசுவாசிகள் செய்வதைச் செய், தீர்த்தம் தொடு, பூசை காண் என்று பதில் சொல்லுகிறார். மலைமேல் குழாய் ஏற்றச் சொன்னவரே இதையும் சொல்லுகிறார். செய்து பார்க்காமல் தெரியாத காரியங்கள் உண்டென்று அவர் அறிந்திருந்தார்.

அவர் மட்டும் என்ன பணயம் வைத்தார்? 1662-ம் வருஷம் மார்ச்சு மாதம் பாரிஸ் தெருக்களில் ஐந்து சூ காசுக் கட்டணத்தில், குறித்த வழியில் குறித்த நேரத்தில் ஓடும் குதிரை வண்டிகளை விட ஏற்பாடு செய்தார். இன்றைய டவுன் பஸ்ஸுக்கு அதுவே முன்னோடி. பஞ்சத்தில் வாடிய புளுவா நகரத்து ஏழைகளுக்கு அனுப்ப, வரப்போகும் லாபத்தின்மேல் முன்பணம் கேட்டார். கிடைக்கவில்லை. ஓர் ஏழைக் குடும்பத்தைத் தம் வீட்டிலேயே குடிவைத்திருந்தார். அதில் ஒரு பிள்ளைக்கு வைசூரி கண்டது. பிள்ளையை வேறிடம் அனுப்பும்படி எல்லாரும் சொல்ல, நோயுற்ற பிள்ளையை அசைப்பதைவிட நான் போவதே நலமென்று, தாமே நோயாளியாயிருந்தும் ஜூன் கடைசியில் தமக்கை வீட்டுக்குப் போய்விட்டார். வீட்டைவிட்டு வந்தவர் திரும்பவேயில்லை.

அங்கே தேவநற்கருணை வாங்கத் தவித்தார். அவ்வளவு ஆபத்தில்லை என்று வைத்தியர்கள் தடுத்தார்கள். சேசுநாதரை இப்படிப் பெறக் கூடாதாகில், தமக்குச் செய்யும் உபசாரமெல்லாம் செய்ய ஓர் ஏழை நோயாளியையாவது இதே வீட்டுக்குக் கொண்டுவாருங்கள் என்று கேட்டார். அதற்கும் வழியில்லையென்றபோது, தீராவியாதிக்காரர் ஆஸ்பத்திரிக்குத் தம்மைத் தூக்கிப்போய் அவர்கள் நடுவில் சாகவிடும்படி மன்றாடினார். கடைசியில் பங்குக் குருவானவர் பெரியே சுவாமியார் திவ்விய நன்மையோடு அறைக்குள் வந்தபோது, படுக்கையில் பாதி எழும்பி, விசுவாசத்தைக் குறித்துக் கேட்ட ஒவ்வொன்றுக்கும் தெளிவாகப் பதில் சொல்லி, கண்ணீரோடு வாங்கினார். ஏறக்குறைய ஒரு நாள் கழித்து, ஆகஸ்டு 19-ந் தேதி அதிகாலை ஒரு மணிக்கு உயிர் பிரிந்தது. வயது முப்பத்தொன்பது. பாரிஸில் அர்ச். முடியப்பர் கோவிலில் அவரை அடக்கம் செய்தார்கள்.