மூச்சுவழி திறந்த முன்னோடி: செவாலியர் ஜாக்சன்

உணவின்றிச் சில வாரங்களும் நீரின்றிச் சில நாள்களும் மனிதன் வாழ்தல் கூடும். மூச்சின்றிச் சில நிமிடங்கள் வாழ்தலும் அரிது. அம்மூச்சு செல்லும் குழல், புற்றுநோய் ஏதுமின்றியே, வெறும் தழும்பினால் சுருங்கிவிடுவது உண்டு. கழுத்தையோ மார்பையோ திறவாமல், வாய்வழியே கருவியைச் செலுத்தி அச்சுருக்கத்தை விரிக்கும் முறை இன்று நிலைபெற்றுள்ளது. அதற்கு அடித்தளமிட்டோருள் ஒருவரான அமெரிக்க மருத்துவர் செவாலியர் ஜாக்சனின் வாழ்வை இங்கு நினைவுகூர்கின்றோம்.

1865 நவம்பர் 4-ஆம் நாள் பிட்ஸ்பர்க் நகரில் அவர் பிறந்தார். பள்ளியில் உடன் பயின்றோரின் கொடுமைகளுக்கு ஆளான மெலிந்த சிறுவர் அவர். கண்ணாடியிலும் பீங்கானிலும் ஓவியம் தீட்டிப் பொருளீட்டிக் கற்று, 1886-இல் பிலடெல்பியாவின் ஜெபர்சன் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார்.

1897-இல் ஜெர்மானிய மருத்துவர் குஸ்தாவ் கில்லியன், உழவர் ஒருவரின் நுரையீரற் கிளைக்குழலில் சிக்கிய எலும்பை வாய்வழியே எடுத்தார். அவ்வழியில் நடந்த ஜாக்சன், குழலின் நுனியிலேயே சிறு மின்விளக்கை அமைத்துக்கொண்டு, இருண்ட உள்வழியைத் தெளிவுறக் கண்டு பணியாற்றினார்.

அக்காலத்தில் வீடுகளில் புழங்கிய காரத்தை அறியாது விழுங்கிய குழந்தைகள் பலர் உணவுக்குழல் சுருங்கித் துன்புற்றனர். ஒரு மிடறு நீரும் இறங்காத ஏழைச் சிறுமி ஒருத்தியின் அடைப்பை ஜாக்சன் நீக்கினார். நீர் உள்ளே இறங்கியதும் அக்குழந்தை அவர் கையை முத்தமிட்டாள். அந்நிகழ்ச்சியை அவர் இறுதிவரை மறக்கவில்லை. இத்தகைய பொருள்களின்மீது நச்சு எச்சரிக்கை பொறிக்க வேண்டுமென அவர் பல்லாண்டு போராடினார்; 1927-இல் அமெரிக்க நாடே அதனைச் சட்டமாக்கியது.

எனினும், அவர்தம் பெருமைக்கு மற்றொரு செயலையே நாம் சான்றாகக் கொள்வோம். மூச்சுத் திணறுவோரைக் காக்கக் கழுத்தில் துளையிடுவது மருத்துவர் வழக்கம். உயிர் பிழைத்தோர் பலருக்குப் பின்னர்க் குரல்வளை சுருங்கிற்று. ஏறத்தாழ 200 நோயாளிகளை ஆராய்ந்த ஜாக்சன், துளையைக் குரல்வளையை ஒட்டி மிக உயரத்தில் இட்டதே பெரும்பாலோரின் கேட்டிற்குக் காரணமென 1921-இல் எழுதினார். நோயின்மீது பழிபோடாமல், தம் தொழிலினரின் பிழையையே அவர் சுட்டினார். துளையைத் தாழ்த்தி மூச்சுக்குழலில் இடவேண்டுமென்ற அவரது நெறி பரவலாக ஏற்கப்பட்டது.

காசநோயால் பலமுறை வாடியபோதும் அவர் தளரவில்லை. நோயாளிகளின் உடலினின்று எடுத்த ஊசி, காசு, பொத்தான் முதலிய 2,000-க்கும் மேற்பட்ட பொருள்கள் பிலடெல்பியாவின் மியூட்டர் அருங்காட்சியகத்தில் உள்ளன. 1958 ஆகஸ்டு 16-ஆம் நாள், தம் 92-ஆம் வயதில் அவர் மறைந்தார்.

இன்றோ, செயற்கை மூச்சுக்கெனப் பலநாள் செருகிய குழாயின் அழுத்தத்தால் மூச்சுக்குழல் புண்ணாகிச் சுருங்குவோர் உளர். அவர்தம் தழும்பை லேசர் ஒளியால் கீறி, சிறு பலூனால் விரிக்கின்றனர். சிலருக்குச் சுருக்கம் மீண்டும் தோன்றுவதால், குறுகிய பகுதியை வெட்டி இணைக்கும் அறுவையும் தேவைப்படுகிறது. காக்க இட்ட குழாயே காயம் செய்யும் என்னும் உண்மை இன்றும் மாறவில்லை. கைத்திறனோடு தம் பிழையைத் தாமே ஆராயும் நேர்மையும் வேண்டுமென்பதே ஜாக்சனின் வாழ்விலிருந்து மாணவச் செல்வங்களும் நாமும் பெறும் பாடமாகும்.