மாவு பூசிக் களமேறிய வீரன்: யோஹான் ட்ரோல்மான்

1933 ஜூலை 21 அன்று பெர்லினில் குத்துச்சண்டைக் களத்தில் ஏறிய யோஹான் ட்ரோல்மானைக் கண்டு கூட்டம் திகைத்தது. அவருடைய கருங்கூந்தல் பொன்னிறச் சாயம் ஏறியிருந்தது. உடலெங்கும் வெள்ளை மாவு அப்பியிருந்தது. எப்போதும் நிற்காது சுழன்றாடும் அவர், அன்று நின்ற இடத்திலேயே நின்று குஸ்தாவ் ஏடரின் குத்துகளை வாங்கினார். ஐந்தாம் சுற்றில் வீழ்ந்தார். நாஜிகள் கனவு கண்ட ஆரியனின் வேடத்தை அணிந்து, அவர்கள் விரும்பிய தோல்வியை அவர்களுக்கே திருப்பிக் கொடுத்தார் என்றே நாம் இதை வாசிக்கிறோம்.

1907 டிசம்பர் 27 அன்று பிறந்து ஹனோவர் நகரில் வளர்ந்த ட்ரோல்மான், ரோமா மக்களின் ஒரு கிளையான சின்ட்டி சமூகத்தைச் சேர்ந்தவர். வீட்டில் அவருக்கு ருக்கெலி என்று பெயர். ரோமானி மொழியில் ருக் என்றால் மரம். இம்மொழியின் வேர் நம் துணைக்கண்டத்தில் இருக்கிறது. இந்தியிலும் மரத்தைக் குறிக்க ரூக் என்ற சொல் உண்டு.

எட்டு வயதில் கையுறை அணிந்தவர், இளமையிலேயே வட்டாரப் பட்டங்களை வென்றார். ஆயினும் 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் அணியில் அவருக்கு இடம் தரப்படவில்லை. 1929இல் தொழில்முறை வீரரானார். விரைந்து நகரும் கால்களைக் கொண்ட அவருடைய பாணியைப் பல ஆண்டுகளுக்குப் பின் வந்த முகமது அலியுடன் ஒப்பிடுவோர் உண்டு. அன்றைய நாஜிப் பத்திரிகைகளோ அதை ஜெர்மானியருக்குப் பொருந்தாத நாடோடிக் கூத்து என இகழ்ந்தன.

ஹிட்லர் ஆட்சிக்கு வந்த சில வாரங்களிலேயே யூத வீரர்கள் தொழில்முறைக் குத்துச்சண்டையிலிருந்து விரட்டப்பட்டனர். யூதரான எரிக் சீலிக்கிடமிருந்து பறிக்கப்பட்ட லைட் ஹெவிவெயிட் பட்டத்துக்காக, ஜூன் 9 அன்று ட்ரோல்மானும் அடோல்ஃப் விட்டும் மோதினர். ட்ரோல்மான் தெளிவாக முன்னிலை பெற்றார். ஆனால் போட்டி வெற்றி தோல்வியின்றி முடிந்ததாக அறிவிக்குமாறு குத்துச்சண்டை அமைப்பின் தலைவர் கட்டளையிட்டார். அரங்கம் கொந்தளித்தது. அச்சமுற்ற அதிகாரிகள் அவரையே வெற்றியாளராக அறிவித்தனர். ட்ரோல்மான் களத்திலேயே கண்ணீர் சிந்தினார்.

சில நாட்களில் பட்டம் பறிக்கப்பட்டது. வெளியே சொல்லப்பட்ட காரணங்களைக் கவனியுங்கள்: ஆட்டம் தரமாக இல்லை, களத்தில் அழுதது வீரனுக்கு அழகல்ல. நேர்காணல் அறைகளிலிருந்து தகுதி போதவில்லை என்ற ஒற்றை வரியோடு திருப்பியனுப்பப்பட்ட நம் தோழர்களுக்கு இந்த மொழிநடை புதிதன்று. ஒருவரின் பிறப்பைப் பற்றி வாய் திறக்காமலே பிறப்பின் பெயரால் அவரை வெளியேற்றும் நடை இது. அடுத்து ஏடருடனான போட்டிக்கு முன், கால்களை ஆடவிட்டால் உரிமம் பறிபோகும் என எச்சரிக்கப்பட்டார். அவருடைய வலிமையே குற்றமாக்கப்பட்டது. அதன் பிறகு தோல்விகள் தொடர்ந்தன. விரைவிலேயே தொழில்முறைக் களம் அவருக்கு முற்றிலும் மூடப்பட்டது. அப்போது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை.

பின்னர் வந்தவை களத்துக்கு வெளியிலான அடிகள். கட்டாயக் கருத்தடைக்கு உள்ளாக்கப்பட்டார். மனைவியையும் மகளையும் காக்க 1938இல் மணமுறிவு பெற்றார். தன்னை வெறுத்த அரசின் இராணுவத்திலேயே கட்டாயமாகச் சேர்க்கப்பட்டு, 1941இல் கிழக்கு முனையில் காயமுற்றார். 1942இல் அதே அரசு அவரைக் கைது செய்து நொயெங்கம்மே வதைமுகாமில் அடைத்தது.

அங்கே அவரை அடையாளம் கண்டுகொண்டனர். பகலெல்லாம் கடும் உழைப்பு. மாலையில், பட்டினியால் மெலிந்த அந்த உடலோடு எஸ்எஸ் படையினரின் குத்துச்சண்டைப் பயிற்சிக்கு நிற்க வேண்டும். அவர் இறந்துவிட்டதாக 1943 பிப்ரவரியில் பதிவேட்டில் எழுதச் செய்து, சக கைதிகள் அவரை வேறு அடையாளத்தில் விட்டன்பெர்கே கிளை முகாமுக்கு அனுப்பினர். அங்கும் அவர் யாரென்பது மறையவில்லை. 1944இல், கைதிகளை மேய்க்கும் கங்காணியான எமில் கொர்னேலியஸ் என்பவனுடன் மோத வைக்கப்பட்டார். ட்ரோல்மான் வென்றார். அவமானம் தாளாத அவன், பிறகு அவரை அடித்தே கொன்றான்.

ஜெர்மனியின் தொழில்முறைக் குத்துச்சண்டை அமைப்பு 2003இல்தான் பட்டத்துக்கான வார்ப்பட்டையை அவருடைய உறவினரிடம் ஒப்படைத்தது. வென்றவரின் பெயரை வென்றவர் பட்டியலில் மீண்டும் எழுத அவர்களுக்கு 70 ஆண்டுகள் தேவைப்பட்டன.