பனிமலை கடந்த பேரறிஞர் சரத் சந்திர தாசர்

திருவனந்தபுரத்தில் வாழும் நமக்குப் பனி என்பது மார்கழி விடியலில் புல்நுனியில் நின்று, கதிரவன் எழுந்ததும் மறையும் ஒரு துளியேயாகும். வெப்பமானி 20 பாகைக்குக் கீழே இறங்குவது இந்நகரில் அரிது. அவ்வாறு இறங்கிவிட்டால் அன்று முழுவதும் அதுவே நமக்குப் பேச்சு. பொன்முடிக்குச் சென்று திரும்புவோர் கம்பளி உடுத்திய கதையைப் பெருமையாகக் கூறக் கேட்கின்றோம். நம் நகரின் வான்கூர்நோக்ககத்துக்குத் தலைவராயிருந்த ஜான் ஆலன் பிரவுன் என்பார், 1855ஆம் ஆண்டில் அகத்தியர் மலையுச்சியில், ஏறத்தாழ 6,100 அடி உயரத்தில், வானிலை ஆய்வுக்கென ஒரு நிலையம் அமைத்தார். அங்கே காற்றுக்கும் மழைக்கும் மூடுபனிக்கும் நடுவே பணியாற்றுவதே அக்காலத்தில் அருஞ்செயலாயிருந்தது.

அத்தகைய நாம், அதைப் போல் மூன்று மடங்கை நெருங்கும் உயரத்தில், நெருப்பில்லாமல், உணவில்லாமல், பருகத் தண்ணீருமில்லாமல், வெட்டவெளியில் உறைபனியின்மேல் ஓர் இரவைக் கழித்த ஒருவரின் வரலாற்றை ஈண்டு நினைவுகூர விழைகின்றோம். அவர் படைவீரர் அல்லர். மலையேறிப் புகழ் தேடியவரும் அல்லர். மூக்குக் கண்ணாடியும் ஏடுமாகத் திரிந்த ஒரு பள்ளியாசிரியர். திபெத்திய மொழிக்கு அகராதி கண்ட பேரறிஞர் சரத் சந்திர தாசரே அவர்.

வங்கத்திலிருந்து மலைநாட்டுக்கு

தாசர் 1849ஆம் ஆண்டில் கிழக்கு வங்கத்தின் சிட்டகாங்கில் பிறந்தார். கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பொறியியல் பயின்றார். படிக்கும் நாளிலேயே மலேரியாக் காய்ச்சல் அவரை வாட்டிற்று. 1874ஆம் ஆண்டில் டார்ஜிலிங்கில் பூட்டியா மாணவர் விடுதிப்பள்ளி ஒன்றைத் தொடங்கிய அரசினர், தலைமையாசிரியர் பொறுப்பை அவருக்கு அளித்தனர். மலைக்காற்று உடலுக்கு நலம் தரும் என்றெண்ணி அவர் அதனை ஏற்றார். சமவெளியின் பிள்ளை மலைநாட்டுக்குக் குடிபெயர்ந்தது இவ்வாறுதான்.

பிழைப்பை முன்னிட்டு வேற்றூர் சென்றவர்கள் நாமும்தாம். சென்ற ஊரின் மொழியைக் கடைத்தெருவுக்குப் போதுமான அளவில் கற்று நிறுத்திக்கொள்வோர் பலர். தாசரோ அவ்வாறு நிற்கவில்லை. தம் பள்ளியில் திபெத்திய மொழி கற்பித்த உக்யென் கியாத்ஸோ என்னும் சிக்கிம் நாட்டு லாமாவிடம் தாமே மாணவராய் அமர்ந்து அம்மொழியைப் பழுதறக் கற்றார். கற்கக் கற்க ஓர் உண்மை அவருக்குப் புலனாயிற்று. பாரதத்தில் பிறந்து பாரதத்திலேயே அழிந்துபோன எத்தனையோ நூல்கள், இமயத்துக்கு அப்பால் திபெத்திய மடங்களில் மொழிபெயர்ப்பாகவும் மூலமாகவும் உயிரோடிருக்கின்றன என்பதே அது. நமக்கும் அதில் பங்குண்டு. காஞ்சியோடு தொடர்புடைய தண்டியாசிரியரின் காவியாதரிசம் தமிழில் தண்டியலங்காரமாய் வாழ்கின்றது. அதே நூல் 13ஆம் நூற்றாண்டில் திபெத்திய மொழியிலும் பெயர்க்கப்பட்டு, அந்நாட்டுப் புலவர்க்கும் இலக்கணமாயிற்று.

ஆனால் அந்நாளைய திபெத்து அயலார்க்குக் கதவடைத்த நாடு. வெள்ளையர் ஆட்சியோ அந்நாட்டின் வழிகளையும் வலிமையையும் அறியத் துடித்தது. எனவே தாசரின் நூல்வேட்கைக்கு அரசின் துணை கிடைத்தது. அத்துணையோடு ஒற்றர் வேலையும் சேர்ந்தே வந்தது. இதை மறைத்துக் கூறுவதால் அவருக்குப் பெருமை மிகுந்துவிடாது.

1879ஆம் ஆண்டில் அவரும் உக்யென் கியாத்ஸோவும் முதன்முறையாகத் தாஷிலுன்போ மடத்தை அடைந்து, ஆறு திங்கள் தங்கினர். பஞ்சென் லாமாவின் அமைச்சரான செங்சென் லாமா மேனாட்டு அறிவியலில் பேரார்வம் கொண்டவர். அவர் தாசரை நண்பராகவே ஏற்று, மடத்தின் நூல்நிலையத்தைத் திறந்துவிட்டார். மீண்டும் வரவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

அந்த இரவு

இரண்டாம் பயணம் 1881ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் டார்ஜிலிங்கில் தொடங்கிற்று. மலையேறத் தகுந்த பருவம் அதற்குள் கழிந்துவிட்டது. தாசரும் உக்யெனும் புர்சுங் என்னும் வழிகாட்டியும் சுமைதூக்குவோர் சிலரும் கஞ்சன்ஜங்காவின் மேற்குப்புறமாக நேபாள எல்லைக்குள் நுழைந்தனர். காங்லா, நாங்கோலா முதலிய கணவாய்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்தனர். எவரேனும் ஐயுற்று எல்லைக் காவலர்க்குச் சொல்லிவிட்டால் பயணம் அங்கேயே முடிந்துவிடும். ஆகவே ஊர்களில் நெடிது தங்கவும் அஞ்சினர்.

புர்சுங்கைப் பற்றி ஒரு சொல். வழியிலுள்ள ஊர்களிலெல்லாம் அவனுக்கு நண்பர் உண்டு. நண்பர் தரும் மதுவை அவன் மறுத்தறியான். குடிமயக்கத்தில் கிடந்து தாசரைப் பன்முறை கலங்கவைத்தவன் அவனே. எனினும் பனிக்குள் கால்வைத்த பின் அவனைப்போல் உறுதியானவர் அக்குழுவில் வேறொருவர் இலர்.

நவம்பர்த் திங்களின் இறுதியில் அவர்கள் காங்லாசென் என்னும் பெருங்கணவாயை நெருங்கினர். பதினாறாயிரம் அடிக்கு மேற்பட்ட அவ்வுயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் நாம் உணர்வதில் ஏறத்தாழப் பாதியே. பத்தடி நடப்பதற்குள் நெஞ்சு அடைக்கும். தலை வெடிப்பதுபோல் வலிக்கும். உணவை நினைத்தாலே குமட்டும். பனி முழங்கால் அளவு உள்வாங்கும். பனிக்கு அடியிலே பாறையிடுக்குகள் வாய் பிளந்திருக்கும். தாசர் அடியெடுத்துவைக்க இயலாது சாய்ந்தபோதெல்லாம் புர்சுங் அவரைத் தன் முதுகில் ஏற்றிச் சுமந்தான்.

இருட்டிவிட்டது. ஊரும் இல்லை, குகையும் இல்லை. எரிக்க ஒரு சுள்ளிகூட அந்த மலைமுகட்டில் கிடையாது. நெருப்பில்லாமையால் தேநீரில்லை, தேநீரென்ன, தண்ணீரே இல்லை. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தொலைவு உறைந்த நீர். நடுவிலே நாவறண்ட மாந்தர்! பனியை அப்படியே வாயிலிட்டு உண்ணலாமே என்று நமக்குத் தோன்றும். ஒரு கிராம் பனியை உருக்குதற்கு மட்டும் 80 கலோரி வெப்பம் செலவாகும் என்பது பௌதிக நூல் கூறும் கணக்கு. அவ்வெப்பம் அடுப்பிலிருந்து வராதபோது உடலிலிருந்தே வரவேண்டும். நடுங்கும் உடலுக்கு அது கட்டுபடியாகாத செலவு.

கம்பளிகளைப் போர்த்துக்கொண்டு பனிமீதே படுத்தனர். காற்று வீசத் தொடங்கிற்று. அதனோடு பனித்தூவலும் விழுந்தது. பார்ப்பவர்க்கு அது கேட்டின்மேல் கேடாகவே தோன்றும். ஆனால் தாசர் அதனை நற்பேறாகக் கருதினார். மேலே விழுந்த பனியின் பாரத்தால் கம்பளி கனத்து உடலோடு படிந்தது. காற்று அதனைத் தூக்கி உட்புக முடியவில்லை. பனித்துகள்களின் இடையிடையே சிறைப்பட்டு நிற்கும் காற்று வெப்பத்தை எளிதில் வெளியே விடுவதில்லை. நனைந்தவனைக் கொல்வதும், அசையாக் காற்றைப் பிடித்துவைத்து மூடியவனைக் காப்பதும் அதே பனிதான். துருவ நாட்டு எஸ்கிமோக்கள் முற்காலத்தில் இறுகிய பனிப்பாளங்களாலேயே குடில் கட்டி உறங்கியதன் நுட்பமும் இதுவே.

தம் வாழ்நாளில் கழித்த இரவுகளுள் அதனைவிடக் கொடியது வேறில்லை என்பதே பின்னாளில் தாசர் எழுதியவற்றிலிருந்து நாம் அறிவது. யமனின் வாயிலில் படுத்திருந்தும், காலையில் அவர்கள் உயிரோடு எழுந்தனர். அவ்விரவில் எவரும் எவரையும் விட்டுப் போகவில்லை என்பதே நாம் நினைக்கத்தக்கது. பொறியியல் கற்ற ஆசிரியரும், மடத்தில் வளர்ந்த லாமாவும், மலைவாணனும் ஒரே பனியின்கீழ் ஒருவர்க்கொருவர் துணையாயினர்.

லாசாவும் அதன் பின்னும்

டிசம்பர் 9ஆம் நாள் அவர்கள் தாஷிலுன்போவை அடைந்தனர். அடுத்த ஆண்டில் லாசாவை நோக்கிச் செல்கையில் தாசர் கடும் நோயுற்றார். சாம்டிங் மடத்தின் தலைவியாரான துறவியம்மையார் இடமளித்துக் காத்தார். 1882ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் லாசா நகருள் புகுந்த தாசர், ஆறு வயதுச் சிறுவராயிருந்த 13ஆம் தலாய் லாமாவை நேரில் கண்டார். அம்மை நோய் நகரில் பரவியிருந்தமையால் நெடுநாள் தங்காது திரும்பினார். 1883ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவர் டார்ஜிலிங் சேர்ந்தபோது, புறப்பட்டுப் பதினான்கு திங்கள் கழிந்திருந்தன.

அதன்பின் அவர் வாழ்வு ஏட்டோடு கழிந்தது. காஷ்மீரக் கவி க்ஷேமேந்திரரின் அவதான கல்பலதை திபெத்திய மொழிபெயர்ப்புடன் அவர் முயற்சியால் அச்சேறிற்று. 1892ஆம் ஆண்டில் கல்கத்தாவில் பௌத்த நூற்கழகம் நிறுவினார். 1902ஆம் ஆண்டில் 1,300 பக்கங்களுக்கு மேற்பட்ட திபெத்திய ஆங்கில அகராதி வெளியாயிற்று. பயண நூலும் அவ்வாண்டிலேயே வந்தது. திபெத்து செல்ல விழைந்த ஜப்பானியத் துறவி எகாய் கவகுச்சி 1897ஆம் ஆண்டில் டார்ஜிலிங் வந்து, தாசரின் உதவியால் அம்மொழி கற்றார். லாசாவின் நினைவாகத் தம் இல்லத்துக்கு லாசா வில்லா என்று பெயரிட்டு வாழ்ந்த தாசர், 1917ஆம் ஆண்டில் மறைந்தார்.

தாசர் அப்பனிவெளியைக் கடந்த அதே காலத்தில், குடந்தையிலே உ. வே. சாமிநாதையர் ஏட்டுச் சுவடிகளில் சிந்தாமணியைத் தேடிக்கொண்டிருந்தார், பின்னர் இத்திருவனந்தபுரத்திலே மனோன்மணியம் ஆசிரியர் பேராசிரியர் சுந்தரம் பிள்ளை தென்னாட்டுக் கல்வெட்டுகளில் வரலாறு தேடினார். பழைய நூல்கள் அழிந்துபடலாகாது என்ற தவிப்பு அத்தலைமுறையின் பொதுச்சொத்தாக இருந்தது.

தீராத கடன்

வரலாறு இத்துடன் முடிந்திருந்தால் எவ்வளவு இனிதாயிருக்கும்! ஆனால் தாசர் வெள்ளையர்க்கு உளவு கூறியவர் என்னும் செய்தி லாசாவை எட்டிற்று. அவருக்கு இடமளித்தோர்மேல் சினம் பாய்ந்தது. அறிவை நாடி அவரை அழைத்த செங்சென் லாமா 1887ஆம் ஆண்டில் ஆற்றில் மூழ்கடித்துக் கொல்லப்பட்டார். அவருக்குப்பின் அவர் மறுபிறவி எனப் பிறிதொருவரைத் தேடி ஏற்பதும் தடுக்கப்பட்டது. உதவி செய்த வேறு சிலர் சிறையில் வாடினர். பனிமலையில் உயிர்பிழைத்தவரின் பொருட்டு, நூல்நிலையம் திறந்துவிட்டவர் உயிரிழந்தார்.

இதில் தாசரின் பிழை எவ்வளவு, அவரை அனுப்பிய அரசின் பிழை எவ்வளவு என்று அளந்து கூற நாம் முற்படவில்லை. இரண்டும் உண்டு என்பதே நம் துணிபு. அகராதியைப் புகழும்போது ஆற்றில் மூழ்கியவரையும், கணவாயைப் பேசும்போது முதுகில் சுமந்த புர்சுங்கையும் சேர்த்தே நினைப்பதுதான் முறை. பெரியோர் வரலாறுகளில் சுமந்தவர் பெயர் பெரும்பாலும் இராது. தாசர் தம் நூலில் புர்சுங்கின் குறைகளையும் எழுதினார். அவன் சுமந்ததையும் மறைக்காது எழுதினார். அந்நேர்மை இல்லையேல் அவன் பெயரே நமக்குத் தெரிந்திராது.

அன்பர்களே! தாய்நிலம் விட்டு இம்மலையாள நாட்டில் குடியேறி வாழும் நம்மையும் ஒவ்வொரு காலத்தில் யாரோ சுமந்திருக்கின்றனர். முதல் வாடகை வீட்டைப் பிணையின்றித் தந்தவர், மொழி தெரியாது திகைத்த நாளில் விண்ணப்பம் எழுதித் தந்தவர், நோயுற்ற இரவில் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டு அம்மையார் என அவர்கள் பலர். சங்கத்தின் ஆண்டுவிழா நாளில் மேடையில் நிற்போரை நாம் போற்றுகின்றோம், போற்றுவதும் தக்கதே. அவரவரைச் சுமந்தோரின் பெயரையும் அவரவர் வீட்டில் பிள்ளைகளுக்கு ஒருமுறை சொல்லிவைப்போமாக. சரத் சந்திர தாசரின் பனியிரவு நமக்கு விட்டுச்சென்ற பாடம் அதுவே.