மூவாயிரம் புத்தகம்! ஒன்று கூடினாலும் தவறு, குறைந்தாலும் தவறு!

சாமுவேல் பீப்ஸ் ஒரு தையல்காரரின் மகன். 1633-ம் ஆண்டு லண்டனில் பிறந்தார். வீட்டில் பிள்ளைகள் அதிகம், பணம் குறைவு. ஆனால் பையன் கெட்டிக்காரன். உதவிச் சம்பளம் பெற்று, கேம்பிரிட்ஜில் உள்ள மாட்லின் கல்லூரியில் படித்தார். 1654-ல் பட்டம் பெற்றார்.

25 வயதில் பெரிய கண்டம் வந்தது. மூத்திரப்பையில் கல்! மயக்க மருந்து இல்லாத காலம் அது. அறுத்துத்தான் எடுத்தார்கள். பீப்ஸ் பிழைத்துக்கொண்டார்.

1660-ல் கடற்படை அலுவலகத்தில் பதவி கிடைத்தது. அதே ஆண்டு தினமும் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். பிறர் படிக்காதபடி சுருக்கெழுத்தில் எழுதினார்.

நாற்காலியில் புத்தகம்

வருமானம் ஏறியது. புத்தக ஆசையும் ஏறியது. 1666-ல் அவர் வீட்டு நாற்காலிகளின் மேல் புத்தகங்கள் குவிந்து கிடந்தன. ஒன்றை உருவினால் மற்றவை சரியும்!

தச்சரை அழைத்தார் பீப்ஸ். கண்ணாடிக் கதவு போட்ட உயரமான அலமாரிகள் தயாராயின. சில வாரங்களில் லண்டன் நகரமே தீப்பற்றி எரிந்தது! வீட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றி ஊருக்கு வெளியே அனுப்பினார். நல்ல வேளை, தீ அவர் வீட்டைத் தொடவில்லை.

1669-ல் கண் பார்வை போய்விடுமோ என்று பயந்தார். நாட்குறிப்பை நிறுத்திவிட்டார். ஆனால் பார்வை போகவில்லை. புத்தகம் சேர்ப்பதும் நிற்கவில்லை.

எண் போட்ட விதம்

புத்தகங்களை அவர் உயரப்படி அடுக்கினார். மிகச் சிறிய புத்தகத்துக்கு எண் 1. மிகப் பெரியதற்கு எண் 3,000. உயரம் போதாத புத்தகத்துக்கு அடியில் மரக்கட்டை வைத்து வரிசையைச் சமமாக்கினார்!

எந்தப் புத்தகம் எங்கே என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் பட்டியல். எழுத்து வரிசையில் ஒன்று, பொருள் வாரியாக ஒன்று. பட்டியலில் எண்ணைப் பார்த்தால் புத்தகம் கையில்!

கண்டிப்பான உயில்

பீப்சுக்குக் குழந்தை இல்லை. 1703-ல் காலமானார். புத்தகங்கள் மருமகன் ஜான் ஜாக்சனுக்குப் போயின. அவருக்குப் பின் மாட்லின் கல்லூரிக்குச் சேர வேண்டும். ஒரு புத்தகம்கூடச் சேர்க்கக் கூடாது, எடுக்கவும் கூடாது. நிபந்தனை மீறினால் அத்தனையும் டிரினிட்டி கல்லூரிக்குப் போய்விடும்!

1724-ல் அலமாரிகளும் புத்தகங்களும் மாட்லின் கல்லூரிக்கு வந்தன. இன்றும் 12 அலமாரிகளில் 3,000 புத்தகங்கள் அப்படியே இருக்கின்றன.

சாவி எங்கே இருந்தது?

அவற்றில் 6 தொகுதிகள் பீப்சின் நாட்குறிப்பு! நூறு ஆண்டுகள் யாரும் அதைப் படிக்கவில்லை. ஜான் ஸ்மித் என்ற ஏழை மாணவர் 1819 முதல் 3 ஆண்டுகள் பாடுபட்டுச் சுருக்கெழுத்தை உடைத்தார். 1825-ல் நாட்குறிப்பு அச்சேறியது. கொள்ளைநோயையும் பெருந்தீயையும் நேரில் கண்டவரின் எழுத்து உலகத்துக்குக் கிடைத்தது.

ஆனால் அந்தச் சுருக்கெழுத்தைக் கற்றுத்தரும் புத்தகம் அதே அலமாரிகளில்தான் இருந்தது! ஸ்மித்துக்கு அது தெரியவில்லை.

இன்று கையடக்கக் கருவி ஒன்றில் மூவாயிரம் மின்நூல்களை வைத்துக்கொள்ளலாம். நாற்காலி தேவையில்லை, தச்சரும் தேவையில்லை. ஆனால் பட்டியல் தேவை. அதைப் புரட்டிப் பார்க்கும் பழக்கமும் தேவை. இல்லாவிட்டால் தேடும் சாவி நம் கையிலேயே இருந்தும் பூட்டை உடைத்துக்கொண்டிருப்போம்!